விக்கல் குருவி

1964-ல் அங்கம்மாள் கலியாணமாகி வந்து சேர்ந்த காம்பராவில் அவளுக்கு முன்பே எட்டுப் பேர் இருந்தார்கள். மாமனார், மாமியார், கலியாணமாகாத கொழுந்தன்மார், வாழாமல் திரும்பி வந்த நாத்தனாரும் அவள் கைக்குழந்தையும். போதாக்குறைக்கு மாமியாருடைய சேவலும் இரவில் உள்ளேதான் படுக்கும். இலங்கையில் கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் கீழ் லயம் அது, கூலிக்காரருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை. அந்த அறையை அளந்து கட்டிய வெள்ளைக்காரத் துரை, ஆளுக்கொரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான். புதிதாகக் கலியாணமான இருவருக்கு நாலு வார்த்தை பேசவாவது ஒரு மூலை வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கூலிக்காரனுக்கு என்ன பேச்சு என்று விட்டிருப்பான்.

பழனியாண்டிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பெண்டாட்டி வந்து ஒரு மாதமாகியும் அவளிடம் அவன் தனியாகச் சொன்னது "தண்ணி குடு" மட்டும்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போக வேண்டும். பிறகு அவன் ஒரு மலையில் பால் வெட்டுவான், அவள் இன்னொரு மலையில் வெட்டுவாள். பொழுது சாய்ந்தால் வீடு நிறைய ஆள்.

அந்த லயத்துப் புதுப் பெண்டாட்டிகளுக்கெல்லாம் இருந்த ஒரே வழி மாட்டுப்புல். ரப்பர் பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து, சாக்கையும் அரிவாளையும் கையில் எடுத்து "புல்லுக்குப் போறேங்க" என்றால் எந்த மாமியாரும் மறுத்துப் பேச மாட்டாள். போகிற இடம் தெனிய. இரண்டு மலைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கி, கோரையும் புல்லும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் சதுப்புக்குச் சிங்களத்தில் அந்தப் பெயர். லயத்தாரும் அப்படியே சொல்வார்கள். பெண்கள் ஒற்றையடிப் பாதையாக இறங்குவார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் புருஷன்மார் ரப்பர் மலையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக வந்து சேருவார்கள். இது லயம் முழுக்கத் தெரிந்த சங்கதி. மாமியார்மாரும் அந்த வழியாகப் போய் வந்தவர்கள்தானே. சில நாள் சாக்கில் அரைச்சாக்குப் புல்கூட இல்லாமல் மருமகள் திரும்பி வந்தாலும், மாட்டைத்தான் திட்டுவார்களே தவிர அவளை ஒன்றும் கேட்பதில்லை.

ஆள் உயரப் புல்லுக்குள் அவனவன் தன் பெண்டாட்டியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மானம் போய்விடும். ஒருவன் இருமுவான், ஒருவன் சீட்டியடிப்பான். பழனியாண்டிக்குச் சீட்டி வராது. முன்பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. அந்த இடைவெளியில் நாக்கை வைத்து உறிஞ்சினால் 'ட்சிட்' என்று ஒரு சத்தம் வந்தது. தெனியவில் ஒரு சின்னக் குருவி இதே சத்தத்தைப் போட்டுக்கொண்டு திரிவதை அவன் பார்த்திருந்தான். யாருக்கும் சந்தேகம் வராது, இதுவே நம் அடையாளம் என்று முடிவு செய்து, ஒருநாள் இஸ்தோப்பில் அவளைக் கடந்து போகும்போது காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

முதல் நாள் அங்கம்மாள் குருவிக்குப் பின்னாலேயே போய்விட்டாள். இந்தக் கரையில் சத்தம் கேட்டு ஓடினால் அது அந்தக் கரைக்குப் போயிற்று. அங்கே ஓடினால் நடுச் சேற்றுக்கு மேலே கேட்டது. முழங்கால் வரை புதைந்து, கையெல்லாம் கோரை அறுத்து, கண்ணில் தண்ணீரோடு அவள் திரும்பியபோது, பழனியாண்டி ஒரு கித்துல் மரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க புள்ள போன? தொண்டத் தண்ணி வத்துற அளவுக்குக் கூப்பிட்டேன்."

"நீங்க கூப்பிட்ட பக்கமெல்லாம் போனேன். நீங்க பறக்கவும் செய்வீங்கன்னு எனக்கு யாரும் சொல்லலியே."

அவன் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கத்துப் புல்லுக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. கலியாணமாகி அன்றுதான் அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அங்கம்மாள் அந்தக் குருவியைப் படித்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்வாள்? புருஷனைக் கண்டுபிடிக்க வேண்டுமே.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். காய்ந்த புல்லின் நிறம், முதுகில் கரிக்கட்டையால் இழுத்த மாதிரிக் கறுப்புக் கோடுகள், வயிறு வெளுப்பு. வால் குட்டை. பறக்கும்போது அதை விசிறியாக விரிக்கும், அப்போது நுனியில் வெள்ளை தெரியும். தெனியவில் அதற்குச் சொந்தக்காரன் போல இன்னொரு குருவியும் உண்டு. அதற்கு வால் நீளம், முதுகில் கோடு கிடையாது. புல் நுனியில் உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். தடித்த அலகோடு கூட்டமாக வருவது நெல்லுக்குருவி, அது பேச்சிலேயே சேராது. நம்முடைய ஆள் எப்போதும் தனி. புல்லுக்குள் இருக்கும்வரை கண்ணில் படவே படாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அது பறக்கிறவரை காத்திருக்க வேண்டும். திடீரென்று மேலே கிளம்பி, காற்றில் ஒரு குதி குதித்து 'ட்சிட்' என்னும். தாழ்ந்து, மறுபடி ஒரு குதி, மறுபடி ஒரு 'ட்சிட்'. குதிக்கு ஒரு சத்தமாக, விக்கல் எடுத்தவனைப் போல வட்டமடிக்கும். பிறகு சத்தம் சட்டென்று நின்றுவிடும். பார்த்தால் புல்லுக்குள் விழுந்திருக்கும். அங்கம்மாள்தான் அதற்கு விக்கல் குருவி என்று பெயர் வைத்தாள். அதுவரை அந்த லயத்தில் அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை.

கோரைப் புல்லுக்குள், தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேலே, நிற்கிற புல்லையே சிலந்தி நூலால் சேர்த்துத் தைத்து, வாய் மேலே இருக்கிற போத்தல் மாதிரி அது கூடு கட்டும். அரிவாள் போட்ட பிறகுதான் கூடு இருந்ததே தெரியும். இரண்டொரு தரம் அப்படி ஆகிவிட்டது. நீல முட்டை கையோடு வந்து விழுந்ததைப் பார்த்து அவளுக்குப் பகல் சோறு இறங்கவில்லை. பிறகு அரிவாளைப் போடுமுன் கையால் புல்லை விலக்கிப் பார்த்துவிட்டே அறுப்பாள்.

புருஷன் சத்தத்தையும் அப்படியே பிரித்து வைத்திருந்தாள். அவன் ஒரே இடத்தில் நிற்பான். இரண்டு சத்தம் போடுவான், பொறுப்பான், இன்னும் இரண்டு போடுவான். நகர்ந்தால் குருவி, நின்றால் பழனியாண்டி. இதற்கு மேல் கணக்கில்லை. வருஷக்கணக்கில் அவள் ஒரு தடவையும் தவறியதில்லை.

1966-ல் ராசமணி பிறந்தாள். அடுத்துப் பிறந்த பையன் எழுபத்துநாலில் போய்விட்டான். அது அரிசியும் மாவும் கண்ணில் படாத காலம். தெனியவில் கங்குன் கீரையும் கொஹிலக் கிழங்கும் பிடுங்கித் தின்று உயிர் வாழ்ந்தார்கள். பிள்ளைக்குக் கால் வீங்கி, வயிறு வீங்கி, ஒரு மத்தியானம் மடியிலேயே கண்ணை மூடிற்று. பல நாள் கழித்து ஒரு சாயங்காலம் பழனியாண்டி அவள் புல்லுக்குப் போன இடத்துக்குப் போய், கித்துல் மரத்தடியில் நின்று இரண்டு 'ட்சிட்' போட்டான். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் இருவரும் அழுதார்கள்.

மாமனார், மாமியார் காலமாகி, நாத்தனாரும் பிள்ளையும் கொழுந்தன்மாரும் இந்தியாவுக்குக் கப்பலேறி, காம்பராவில் மூன்று பேர் மட்டுமே ஆனபிறகும் அவன் தெனியக் கரையில் நின்று கூப்பிடுவதை விடவில்லை. தோட்டம் அரசாங்கத்துக்குப் போயிற்று, துரைமார் மாறினார்கள். அவன் பல் இடைவெளி மட்டும் மாறவில்லை. "வயசுக்கு வரப்போற பொண்ண வச்சிக்கிட்டு, வெக்கமா இல்லியா ஒங்களுக்கு" என்று திட்டிக்கொண்டே அவள் போவாள்.

எழுபத்தேழு ஓகஸ்ட்டில் ஒரு மத்தியானம் சோமாவதி மூச்சிரைக்க ஓடிவந்தாள். பக்கத்து நாட்டுப்புறத்துச் சிங்களப் பெண், பாய் பின்னத் தெனியவில் கோரை அறுக்கிறவள். இவள் புல்லுக்கும் அவள் கோரைக்கும் போய்ப் பழகியதில் வெற்றிலை மாற்றிக்கொள்கிற அளவுக்கு நெருக்கம்.

"அங்கம்மே, அத ஹவஸ எனவா. துவப்பங். ஒக்கோம துவப்பங்."

இன்றைக்குப் பின்னேரம் வருகிறார்கள், எல்லோரும் ஓடுங்கள் என்றாள். வருகிறவர்கள் யார் என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. டவுனில் தமிழர் கடைகள் எரிகிற செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. கீழ் லயம் முழுக்கத் தெனியவுக்குள் இறங்கிற்று. பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்ததும் பழனியாண்டி, "நான் போயி பாத்துட்டு வாரேன். ஆபத்து இல்லேன்னா கரையில நின்னு குருவிச் சத்தம் குடுக்கிறேன், வாங்க" என்றான்.

"இங்க நெச குருவியும் கத்துமேப்பா. எதக் கேட்டு எந்திரிக்கிறது?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அங்கம்மா சொல்லுவா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு லயமே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "குருவி" என்றாள். இன்னொன்று வந்தது. "அதுவும் குருவிதான்." பிறகு கித்துல் மரத்துப் பக்கமிருந்து இரண்டு, பொறுத்து இன்னும் இரண்டு. "அது எங்க வீட்டுக்காரரு" என்று எழுந்தாள். குளிரிலும் பயத்திலும் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். வீடுகள் உடைந்திருந்தன, கோழி ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஆனால் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். ரொம்ப நாளைக்கு லயத்தில் அதே பேச்சு. அங்கம்மாளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

எண்பத்தொன்றில் அதே ஓகஸ்ட். அதே சோமாவதி, இந்த முறை அழுதுகொண்டே வந்தாள். மறுபடியும் தெனிய. இந்த முறை வந்தவர்கள் லொறியில் வந்தார்கள், லயத்தைக் கொளுத்தினார்கள். புகை சதுப்பின் மேல் படிந்து பிள்ளைகள் இருமினார்கள். பதினைந்து வயது ராசமணியைப் புல்லுக்குள் அழுத்தி, அவள் மேல் தன் சேலையைப் போர்த்திக்கொண்டு அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் வந்ததும் பழனியாண்டி எழுந்தான்.

"கொஞ்சம் பொறுத்துப் போங்க" என்றாள்.

"சத்தமே இல்ல புள்ள. போயிருப்பானுக. பிள்ளைக எத்தன நேரம் தண்ணிக்குள்ள கெடக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனவன் வெகுநேரமாக வரவில்லை. வெயில் ஏறத் தொடங்கியது. விக்கல் குருவிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே கத்த ஆரம்பித்தன. ஒவ்வொரு தரமும் லயத்தார் அவளைப் பார்த்தார்கள், அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். அப்போது ரப்பர் மலைச் சரிவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'ட்சிட்'. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இன்னும் கொஞ்சம் தள்ளி, தாழ, இன்னொன்று.

ராசமணி தலையைத் தூக்கினாள். "அம்மா, அப்பா மாதிரி இருக்கும்மா."

அங்கம்மாள் காதைத் தீட்டிக் கேட்டாள். சத்தம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேட்டிலிருந்து கீழே, விட்டு விட்டு, குதிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

"இல்லடி. நகருது பாரு. குருவி."

"இல்லம்மா..."

"சும்மா இரு. எனக்குத் தெரியாதா?"

சத்தம் இன்னும் இரண்டு மூன்று தடவை கேட்டது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. குருவி புல்லுக்குள் விழுந்துவிட்டது என்று அங்கம்மாள் நினைத்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் சோமாவதி கரையில் நின்று அங்கம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதுமே அங்கம்மாள் சேற்றைத் தள்ளிக்கொண்டு கரையேறினாள். பழனியாண்டி கித்துல் மரத்துக்கு வரவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, கடைசி ரப்பர் வரிசையின் ஓரத்தில் குப்புறக் கிடந்தான். தொடையில் கத்தி வெட்டு. லயத்தில் மிஞ்சியதைக் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் அகப்பட்டிருக்கிறான். அவர்கள் வெட்டிப் போட்டுவிட்டு விடிகாலையிலேயே போய்விட்டார்களாம். லொறி போனதைச் சோமாவதியின் அண்ணன் பார்த்திருக்கிறான். லயத்தடியிலிருந்து அவன் கிடந்த இடம்வரை இலைச் சருகின் மேல் ரத்தம் சொட்டியிருந்தது. ஒவ்வொரு ரப்பர் மரத்திலும் ரத்தக் கை வைத்த தடம். ஒரு மரத்தைப் பிடித்து நின்று, ஒரு சத்தம் கொடுத்து, நொண்டி அடுத்த மரத்தைப் பிடித்து, இன்னொரு சத்தம் கொடுத்து வந்திருக்கிறான். அங்கம்மாள் கீழிருந்து மேலாக அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள்.

டவுனில் ஸம்சுதீன் முதலாளியின் கடை மாடியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த தோட்டத்து மருந்தையா தருமலிங்கத்தைப் பின்னேரம் கூட்டி வந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர், அதிகம் பேசாதவர். குனிந்து பார்த்தார்.

"ரத்தம் போய்த்தான் ஆள் முடிஞ்சிருக்கு. இறுக்கி ஒரு கட்டுப் போட்டிருந்தாலே காணும். கொஞ்சம் வெள்ளனப் பாத்திருந்தா..." என்றவர், சுற்றி நின்றவர்களின் முகத்தைக் கண்டு நிறுத்தினார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எதையோ சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

லயத்தார் நல்லவர்கள். ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் திருப்பிச் சொல்லிக் கத்தித் தீர்த்திருப்பாள். "நீ குருவின்னு சொன்னதாலதான் நாங்க பொழச்சோம் அங்கம்மா, வெளிய வந்திருந்தா அத்தன பேரையும் வெட்டியிருப்பானுக" என்றார்கள். வெட்ட அங்கே அப்போது ஆளே இருக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு அந்தச் சத்தம் பிடிபடாததைப் பற்றி அவளுக்குக் குறையில்லை. அவர்களுக்குக் குருவியும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். பதினேழு வருஷம் அந்தச் சத்தத்துக்குப் போய் வந்தவள் அவள் ஒருத்திதான். பிள்ளை அடையாளம் கண்டாள். தாய் அவள் வாயை அடைத்தாள். அந்த நேரத்தில் அவன் அங்கே கிடந்து, இதோ வருவாள் இதோ வருவாள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பானே. வரவில்லையே என்று என்ன நினைத்தானோ. கோபப்பட்டிருப்பானா? கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

மாட்டை விற்றுவிட்டாள். பால் வெட்டப் போனாள், வந்தாள், தகரம் போட்டு மறைத்த காம்பராவில் மகளுக்குச் சோறாக்கினாள். தெனியப் பக்கம் திரும்பவில்லை. ராசமணி அந்தக் காலையைப் பற்றி ஒருநாளும் தாயிடம் பேசவில்லை. அதுதான் அங்கம்மாளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

எண்பத்துமூன்று ஜூலையில் மறுபடியும் ஓட வேண்டியிருந்தது. சோமாவதி வந்து சொல்லுமுன்பே கஹவத்தைப் பக்கம் வானம் சிவந்துவிட்டது. ஒளிய வேறு இடமில்லை. இரண்டு வருஷம் கழித்து அங்கம்மாள் தெனியவில் இறங்கினாள். இந்த முறை பார்த்து வருகிறேன் என்று யாரும் கிளம்பவில்லை. குருவிச் சத்தம் குடுக்கிறேன் என்று சொல்லவும் ஆளில்லை. சோமாவதி வந்து கூப்பிடும்வரை யாரும் அசைவதில்லை என்று முடிவாகியிருந்தது.

விடிந்து வெயில் வந்ததும் விக்கல் குருவி கிளம்பிற்று. அவர்கள் தலைக்கு மேலேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரிய, ஏறி இறங்கி, குதிக்கு ஒரு சத்தமாகக் கத்திக்கொண்டு சரிவுப் பக்கம் போயிற்று. வாலை விரித்தபோது வெள்ளை தெரிந்தது. சிறு பிள்ளைகூட அதைப் பார்த்துவிட்டுக் குருவி என்றுதான் சொல்லும். பிறகு சத்தம் நின்றது.

அங்கம்மாள் எழுந்தாள்.

ராசமணி பாய்ந்து அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்தாள். மேலே பாதையில் ஆட்கள் நடமாடுகிற சத்தம் அப்போதுதான் கேட்டிருந்தது. சுற்றியிருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்கள்.

"குருவிம்மா" என்றாள் ராசமணி, அழுகையை அடக்கிக்கொண்டு. "நீயுந்தான பாத்த. குருவிம்மா அது."

"தெரியும்டி."

"பெறகு எங்கம்மா போற?"

"விடு புள்ள. ஒருக்கா போயி பாத்துட்டு வந்துர்றேன்."